அரை அங்குலக் கணக்கு

என் பழைய காரில், குன்னூர் மலைப்பாதையில், பர்லியாரைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியிருப்பேன். எதிரே இறங்கி வந்த நீளமான லாரிக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவைத் திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்பட்டது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். லாரி போனதும் கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். விழவில்லை. இரும்புப் பற்கள் ஒன்றோடொன்று உரசும் கரகரப்பு மட்டும் கேட்டது. மறுபடி தள்ளினேன், அதே கரகரப்பு. பின்னால் ஏறி வந்த பேருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கை பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்ச் பெடலை மூன்று முறை விறுவிறுவென்று மிதித்து விட்டேன். நான்காவது மிதியில் அழுத்திப் பிடித்தபடியே கியரைத் தள்ளினேன். சத்தமில்லாமல் விழுந்தது.

அந்த மூன்று மிதிகளில்தான் நோயின் பாதி விவரம் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மிச்சமிருந்த வளைவுகளில் எங்கும் முழுதாக நிற்காமல், இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு, காட்டேரி வழியாகக் குன்னூர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் கைநடுக்கம் நின்றது.

வண்டி 1966ஆம் ஆண்டு எம்ஜிபி. திறந்த கூரை, இரண்டே இருக்கைகள், 1798 சிசி என்ஜின், அதன் மேல் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை இந்த வண்டியைச் செய்தார்கள். என்னிடம் இருப்பது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. 11 ஆண்டுகளுக்கு முன் அதை ஓட வைத்தேன். இப்படியொரு வண்டியை மலையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி என்ஜினும் இதன் என்ஜினும் ஒரே குடும்பம். பிரிட்டிஷ் கார் நிறுவனமான பிஎம்சியின் பி-சீரிஸ் வரிசையில் பிறந்தவை. அம்பாசடர் டாக்சிகளைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்த ஒரு மெக்கானிக் முன் இதன் பானெட்டைத் திறந்தால், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறார்.

இந்த வண்டியின் ஒரு குணத்தை முதலில் சொல்ல வேண்டும். 1967 இறுதிக்கு முன் வந்த எம்ஜிபிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ், அதாவது பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம், கிடையாது. இரண்டு, மூன்று, நான்கில் அந்த வளையங்கள் இருக்கின்றன. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டிய கிளட்ச் கொஞ்சம் பிரியாமல் இருந்தாலும் அவை சமாளித்துக் கியரை விழவைத்துவிடும். முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் அந்த உதவி இல்லை. கிளட்ச் முழுதாகப் பிரிந்து, உள்ளே சுழலும் பல்சக்கரம் நின்றால்தான் அவை விழும். ஆகவே கிளட்சில் குறை தொடங்கினால் முதலில் வாய் திறப்பவை இந்த இரண்டும்தான். அன்று மலையில் நான் கேட்ட கரகரப்பு வெகு நாள்களாகவே வீட்டு ஷெட்டில் ரிவர்ஸ் போடும்போது மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. குளிர்காலை, பழைய வண்டி, கியர் ஆயில் கெட்டியாக இருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வண்டியைக் காட்டிய ஒரு பட்டறையில், ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல், "கிளட்ச் பிளேட் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கி கிளட்சைப் பார்த்துவிடலாம். எம்ஜிபியில் அது முடியாது. ரேடியேட்டர், கார்புரேட்டர், சைலன்சர் குழாய், ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, செயின் பிளாக் கட்டி, என்ஜினை மேலே தூக்கினால்தான் கிளட்ச் கண்ணில் படும். அதற்கு ஒரு வாரம் ஆகும். மழை நாளில் திறந்த ஷெட்டில் செய்தால் இன்னும் கூடும். செலவைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று: அத்தனையும் பிரித்துப் பார்த்த பிறகு பிளேட் நன்றாக இருந்தால்?

அன்று மாலை அம்பாசடர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குன்னூரிலேயே பெட்போர்டு பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நடந்ததை முழுக்கக் கேட்டார். எழுந்து வந்து வண்டியைப் பார்க்கவும் இல்லை.

"தம்பி, பிளேட் தேய்ந்தால் வண்டி நழுவும். ஏற்றத்தில் என்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. உங்கள் வண்டி இழுக்கிறதா?"

"நன்றாக இழுக்கிறது, அண்ணா. நேற்று இரண்டாவது கியரிலேயே மேலே வந்தேன்."

"அப்படியானால் பிடிப்பு சரியாக இருக்கிறது, விடுவதுதான் சரியில்லை. கீழே படுத்து, பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து வாருங்கள். அளவு தெரியாமல் ஒரு போல்டைக்கூடத் தொடாதீர்கள்."

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே 'அளவு' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான். ஹைட்ராலிக் கிளட்சில் குறை தேடுகிற எல்லோரும் பெடலைப் பார்க்கிறார்கள்: மெதுவாக இருக்கிறதா, கீழே போகிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா என்று. நம் கால் சொல்வது ஓர் உணர்வு மட்டுமே. மறுமுனையில் இரும்பு எவ்வளவு நகர்ந்தது என்பது எண். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் என்ஜினைத் தூக்குவதா வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கு அரைமணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும்.

எப்படி என்று விளக்குகிறேன். பெடலை மிதித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் நகர்ந்து, பிரேக் ஆயிலைக் குழாய் வழியே கீழே தள்ளுகிறது. அந்த ஆயில் கியர்பாக்ஸ் ஓரத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. நம் பட்டறைகளில் கீழ் சிலிண்டர் என்பார்கள். அந்தப் பிஸ்டனிலிருந்து நீளும் புஷ் ராடு ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட் மேல் அழுத்த, பிளேட் பிரிகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். என் வண்டியில் மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவின் உள்விட்டம் ஒன்றேகால் அங்குலம். பரப்பளவில் ஸ்லேவ் ஏறத்தாழ 2.8 மடங்கு பெரியது. ஆகவே விசை 2.8 மடங்காகப் பெருகும். நகர்வு அதே அளவுக்குச் சுருங்கும். மாஸ்டர் பிஸ்டன் 35 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்லேவ் பிஸ்டன் 12.5 மில்லிமீட்டர் நகரும். அதாவது அரை அங்குலம். ஆயில் அமுங்காது, ஆகவே மேலே போனது கீழே வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் வழியில் எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று தேடுவதுதான் வேலை.

புஷ் ராடு அரை அங்குலம் நகர்ந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால், குறை உள்ளே இருக்கிறது: ஃபோர்க், பேரிங், பிரஷர் பிளேட், அல்லது ஈரத்தில் துருவேறி, என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்ட பிளேட். அப்போது என்ஜினைத் தூக்கத்தான் வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறைவாக நகர்ந்தால் குறை வெளியே இருக்கிறது. ஸ்பானரும் நல்ல வெளிச்சமும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தேன். மகள் ஓட்டுநர் இருக்கையில். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவளே கட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் கீழே, முதுகுக்கு ஒரு சாக்கு, கையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். "மிதி" என்றால் மிதிப்பாள், "விடு" என்றால் விடுவாள். முதல் அளவு எட்டு மில்லிமீட்டர். நம்பிக்கை வராமல் ஐந்து முறை அளந்தேன். ஐந்து முறையும் எட்டுதான்.

கீழே படுத்தபடியே சிரித்துவிட்டேன். என்ஜினைத் தூக்க வேண்டியதில்லை.

அடுத்து அவளை மூன்று முறை வேகமாக மிதித்து, நான்காவதில் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பத்தரை வந்தது. மலையில் கியர் விழுந்ததற்குக் காரணம் இப்போது எண்ணாகக் கண்முன் நின்றது. பெடலைச் சட்டென்று விடும்போது மாஸ்டர் பிஸ்டன் வேகமாகப் பின்வாங்குகிறது. குழாயில் உள்ள ஆயில் அந்த வேகத்தில் திரும்பி வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, மேலே டப்பாவில் இருக்கும் ஆயில் ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. அடுத்த மிதியில் அந்தக் கூடுதல் ஆயிலும் சேர்ந்து கீழே போகிறது. சில விநாடிகள் காலை எடுத்துவிட்டால் கூடுதல் ஆயில் சிறு துளை வழியே டப்பாவுக்குத் திரும்பிவிடும், மறுபடி எட்டு. பல முறை மிதித்தால் சரியாகிறது என்றால், பிளேட்டுக்கும் ஃபோர்க்குக்கும் அதில் பங்கில்லை. இரும்பு தேய்ந்திருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் ஒரே அளவுதான் வரும். ஆயில் போகும் வழியில்தான் கசிவோ காற்றோ இருக்கிறது.

மூன்றாவது சோதனை பொறுமைக்கானது. பெடலை ஒரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மகளுக்குக் கால் நடுங்கியது; எம்ஜிபி கிளட்ச் லேசானதில்லை. "அப்பா, விடட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். நான் ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புஷ் ராடு எட்டிலிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கி ஆறில் வந்து நின்றது. பெடல் கீழேயே இருக்க, கிளட்ச் தானாகப் பிடிக்கத் தொடங்குகிறது. சிக்னலில் மிதித்தபடி நிற்கும் வண்டி தானாக முன்னே நகர முயல்வது இதனால்தான்.

இப்போது திருடர்களை ஒவ்வொருவராகப் பிடிக்க வேண்டும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஒரு தேக்கரண்டி ஆயில் டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூடிய அமைப்பில் ஆயில் குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. ஊற்றி நிரப்பியது கேள்வியைத் தள்ளிப்போட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் வாயில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் கருப்பாக, கஷாயம் போல, ஆயில் என் மணிக்கட்டில் வழிந்தது. கசிந்ததையெல்லாம் அந்த உறை வாங்கித் தேக்கி வைத்திருந்தது. இப்படி அழுத்தத்தில் கொஞ்சமாகக் கசியவிடும் ரப்பர், பெடல் திரும்பும்போது கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். பஞ்சு போன்ற மிதிக்கு அதுவும் காரணம்.

மாஸ்டரைத் தனியாகச் சோதிக்க அண்ணன் ஒரு வழி சொல்லியிருந்தார். அதன் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, அதே மரையுள்ள ஓர் அடைப்பைச் செருகி இறுக்கிவிட வேண்டும். இப்போது ஆயில் போக வேறு வழியே இல்லை. மாஸ்டர் நல்லதாக இருந்தால் பெடல் கல் போல நிற்கும். என் பெடல் முதலில் நின்றது. பிறகு, யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல, மெதுவாகக் கீழே போனது. உள்ளே ரப்பர் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாத கசிவு இது. பார்வையில் மட்டும் நம்பிக்கை வைப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

மூன்றாவது திருடன் கிடைத்தது தற்செயலாக. குழாயைக் கழற்றப் பெடல் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, பெடலையும் மாஸ்டரின் புஷ் ராடையும் இணைக்கும் பின்னைப் பார்த்தேன். அதை நடுவில் கையால் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருந்தது. வெளியே எடுத்தால், உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் ஒரு பள்ளம். பெடலின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது. இரண்டும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர். பெடல் அந்த மூன்று மில்லிமீட்டரைக் கடந்த பிறகுதான் மாஸ்டர் அசையவே தொடங்குகிறது. கணக்குப்படி ஸ்லேவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் அங்கேயே போய்விடுகிறது.

இதே மாதிரி ஒரு பின் கீழே ஃபோர்க்கிலும் உண்டு. அதுவும் தேய்ந்திருந்தது. அதை மாற்றினால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும் என்று நினைத்தேன். யோசித்தபோது அது தவறு என்று தெரிந்தது. ஸ்லேவுக்குள் ஒரு ஸ்பிரிங் பிஸ்டனை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கீழே பின் எவ்வளவு தேய்ந்தாலும், ரிலீஸ் பேரிங் எவ்வளவு தேய்ந்தாலும், பிஸ்டன் சற்று முன்னே வந்து அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கிளட்சில் அட்ஜஸ்ட்மென்ட் என்ற ஒன்றே வைக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு பின்கள். மேலே தேய்ந்தால் நகர்வு குறைகிறது, கீழே தேய்ந்தால் குறைவதில்லை. இதைப் புரிந்துகொண்ட நேரம் எனக்கு அந்த வாரத்திலேயே மகிழ்ச்சியான நேரம். 1960களில் இதை வரைபலகையில் வரைந்தவர் யாரோ, ஓர் இரும்புத் துண்டையும் ஒரு ஸ்பிரிங்கையும் வைத்து இவ்வளவு யோசித்திருக்கிறார்.

இடையில் மலையின் மீதே ஒரு சந்தேகம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கிளட்ச் மேலே ஏற ஏறக் கெட்டதுபோல் எனக்குத் தோன்றியிருந்தது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மேலே வரும்போது அது விரியும். ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகும். மகளிடம் சொன்னேன், பாயில் விதி என்று அவளே கணக்குப் போட்டாள். ஒரு முழு மிதியில் மாஸ்டர் தள்ளும் ஆயில் 10 கன சென்டிமீட்டர். குமிழி ஒரு கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழே அது நகர்வில் பத்து விழுக்காட்டைத் தின்னும்; மேலே பன்னிரண்டு. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அரை அங்குலத்தில் அது கால் மில்லிமீட்டர்தான். வளைவுக்கு வளைவு மிதித்ததில், முன்பே தேய்ந்திருந்த ரப்பர் சூடாகி இளகியிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. மலையைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

பழுது பார்த்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாஸ்டருக்கு ரப்பர் கிட் போதும். அதன் உட்சுவர் கண்ணாடி போல இருந்தது. ஸ்லேவின் உட்சுவரில், அடிப்பக்கம், துருவின் குழிகள். புது ரப்பர் போட்டாலும் அந்தக் குழிகள் வழியே ஆயில் போகும். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் உட்பக்கத்தைக் கடைந்து, பித்தளைக் குழாய் செருகி, மறுபடி ஒன்றேகால் அங்குலத்துக்கு மெருகேற்றித் தந்தார்கள். பெடலின் முட்டைத் துளையை வெல்டிங்கால் நிரப்பி, புதுப் பின்னுக்குச் சரியாகத் துளையிட்டார்கள். ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. பழைய ஹோஸ் அழுத்தத்தில் உப்பினால் நகர்வு குறையும். உள்ளே அடைத்துக்கொண்டால் கிளட்ச் மெதுவாகத் திரும்பும். மகள் மிதிக்கும்போது ஹோஸைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், உப்பவில்லை. ஆனாலும் மாற்றினேன். அதன் மேல் வெடிப்பு ஓடியிருந்தது. அதை அப்படியே விட மனம் வரவில்லை.

மாஸ்டரையும் ஸ்லேவையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும் என்பது அண்ணனின் கண்டிப்பு. மேலே புதிதாகிவிட்டால் கீழே முழு அழுத்தம் வரும். நொந்து கிடக்கும் பழைய ரப்பர் அதைத் தாங்காது. இரண்டும் ஒரே வயது, ஒரே ஈரம் குடித்தவை.

ஏர் எடுப்பதில்தான், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில்தான், இரண்டு நாள் போனது. வழக்கமான முறையில் மேலிருந்து கீழே: மகள் மிதிக்க, நான் ஸ்லேவில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, மிதிக்க, திறக்க. அரை லிட்டர் ஆயில் தீர்ந்தது. அளவு பதினொன்றில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. காற்று மேலே போக விரும்பும். நாம் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறோம். குழாய் வளைந்து மேலேறும் இடத்தில் குமிழி ஒளிந்துகொள்கிறது. பெடலின் ஒவ்வொரு மிதியும் அதைக் கொஞ்சம் கீழே கொண்டு வருகிறது. காலை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே ஏறிவிடுகிறது.

அண்ணன் அன்று மாலை தானே வந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது, தலையில் மப்ளர் கட்டியிருந்தார். "காற்றோடு சண்டை போடாதீர்கள் தம்பி, அது போகிற வழியிலேயே அனுப்புங்கள்" என்றார். ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை முன்சக்கரப் பிரேக் காலிப்பரின் நிப்பிளில் மாட்டி, அதை ஆயிலால் நிரப்பி, மறுமுனையை ஸ்லேவின் நிப்பிளில் மாட்டினார். இரண்டு நிப்பிள்களையும் திறந்துவிட்டு, மகளைக் கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மெதுவாக மிதிக்கச் சொன்னார். காலை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் காலிப்பர் நிப்பிளை மூட வேண்டும். இல்லையென்றால் காற்று திரும்ப வரும். பிரேக்கின் ஆயில் கீழிருந்து மேலே ஏறி, கிளட்ச் டப்பாவில் குமிழிகளாகப் பொங்கியது. நான் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெரிய குமிழிகள், பிறகு ஊசிமுனைக் குமிழிகள், பிறகு தெளிந்த ஆயில் மட்டும். பிரேக் டப்பா வற்றிவிடாமலும் கிளட்ச் டப்பா வழிந்துவிடாமலும் பார்த்துக்கொள்வதே என் வேலை. வழிந்தால் பெயின்ட் போய்விடும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் பெயின்ட் சுருண்டு உரிந்துவிடும். முடிந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன், பிரேக் பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று அண்ணன் தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். மலையில் கிளட்சுக்காகப் பிரேக்கைப் பணயம் வைக்க முடியாது.

பிறகு ஸ்கேல். நான் படுக்கப் போனேன். அவர் தடுத்து, மகளைக் கீழே அனுப்பினார். "நீங்கள் மிதியுங்கள், பாப்பா அளக்கட்டும்." அவள் ஸ்கேலை வைத்தாள். சிறிது நேரம் சத்தமில்லை. "பதின்மூன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு, அப்பா." ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அசையவில்லை என்றாள்.

என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில், கிளட்சை மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸைத் தள்ளினேன். வெகு நாள்களாக அந்த ஷெட்டில் கேட்ட கரகரப்பு அன்று கேட்கவில்லை.

இத்தனைக்கும் இந்தக் குறையில் வண்டியைச் செய்தவர்களின் தவறு எதுவும் இல்லை. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. குன்னூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துணி காய மூன்று நாள் ஆகும். மழையில்லாத நாளில் பனிமூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஈரம் ஆயிலில் சேர்ந்து, தாழ்வான இடத்தில் இருக்கும் ஸ்லேவின் அடிப்பக்கத்தைத் துருவாக்குகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு எப்படியோ, மலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக், கிளட்ச் ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். நான் அதை ஏழு ஆண்டுகள் செய்யவில்லை. என்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றினேன், கிரீஸ் வைத்தேன், குரோமைத் துடைத்தேன். இந்தச் சிறு டப்பாவில் ஆயில் ஊற்றும்போது ஒருமுறை நிறத்தைக் கவனித்திருந்தால், ரப்பர் கரைந்து கருத்துப்போனது அன்றே தெரிந்திருக்கும்.

மலையில் ஓட்டுபவர்களிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். எம்ஜிபியின் ரிலீஸ் பேரிங் உருளும் குண்டுகளால் ஆனது இல்லை. ஒரு கார்பன் வளையம், சுழலும் பிரஷர் பிளேட் மேல் நேரடியாக உரசுகிறது. மிதித்துக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது தேய்கிறது. ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது கிளட்சைப் பாதியில் பிடித்து வண்டியைத் தாங்குகிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து கை பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்துவிடுங்கள். அந்த வளையம் தீர்ந்தால், ஸ்கேல் பதின்மூன்று காட்டினாலும் என்ஜினைத் தூக்கியே தீர வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மகளை அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். கல்லாறில் டீ குடித்தோம். திரும்பி வரும்போது, பர்லியாருக்கு மேலே, அதே வளைவுக்குச் சற்று முன் சாலை அகலமான இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். கை பிரேக், நியூட்ரல், கால் தரையில். பிறகு ஒரே ஒரு முறை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். விழுந்தது. மகள் அதை நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதினாள். அடுத்த வரியில், நான் சொல்லாமலே, "முன் பிரேக் ஹோஸ் இரண்டு, பின் ஒன்று" என்று எழுதி அடிக்கோடிட்டாள். அவையும் கிளட்ச் ஹோஸின் வயதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி சாக்கை விரிக்கிறோம்.